கைக்குத்தான் கேடயம்

அன்புள்ள அக்கா,

நான்கு மாதமாக இங்கே மியூனிக்கில் வாளும் பக்லரும் பழகுகிறேன். கூடப் படிக்கும் ஜெர்மன் நண்பன் இழுத்துப் போனான். இந்த பக்லர் என்கிற கேடயம் சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கிறது. தலைக்குத் தூக்கினால் அடி காலில் விழுகிறது, காலுக்கு இறக்கினால் தலையில். அதைவிட வலதுகை விரல்களுக்குத்தான் அடி அதிகம். பயிற்சியாளரைக் கேட்டால் 700 வருடப் பழைய புத்தகத்தின் படங்களைக் காட்டுகிறார். படம் பார்த்து வாள்வீச்சு கற்க முடியுமா?

எஸ்., மியூனிக்

*

அன்புள்ள எஸ்.,

அடி வாங்கும் விரல்களைக் காக்கத்தான் பக்லர். உடம்பை மூட அதனால் ஆகாது. அந்தக் காலத்து வாளில் கைக்கு முன்னால் ஒரு குறுக்குக் கம்பி மட்டும்தான் உண்டு. வெட்டுவதற்குக் கையை நீட்டினால் எதிராளிக்கு முதலில் எட்டுவது அந்தக் கைதான். அதனால் வாள் எங்கே போகிறதோ, பக்லரும் அதை ஒட்டியே போகவேண்டும்.

நான் இங்கே இங்கிலாந்தில், லீட்ஸில் வாள் வகுப்பில் சேர்ந்த புதிதில் எனக்கும் இது புரியவில்லை. மெல்லிய தோல் கையுறையோடு போய், கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. அப்புறம் ஒருநாள் ஆசிரியர் என் இரண்டு மணிக்கட்டையும் ஒரு பழைய துண்டால் தளர்வாகக் கட்டிவிட்டு, "இப்போது வெட்டு" என்றார். பத்தே நிமிடத்தில் தோள் கடுத்துவிட்டது. ஆனால் அன்று ஒரு அடிகூடக் கையில் விழவில்லை. காலைப் பற்றிய கவலையும் அப்படித்தான் குறைந்தது. உங்கள் காலை வெட்ட எதிராளி குனிந்தால், அவன் தலை உங்கள் வாளுக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிடும். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு தலையில் போடுங்கள்.

சிறியதாக இருப்பதில் வேறு வசதியும் உண்டு. இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் சுற்றலாம். சுற்றியும் இருக்கிறார்கள். தொல்லை தாங்காமல் 1285இல் லண்டனுக்குள் பக்லர் சண்டை கற்றுத்தரும் பள்ளி நடத்தக்கூடாது என்று சட்டமே போட்டார்கள்.

உங்கள் பயிற்சியாளர் காட்டியது ஐ.33 என்ற சுவடியாகத்தான் இருக்கவேண்டும். ஐரோப்பாவில் நமக்குக் கிடைத்திருக்கும் வாள்வீச்சு நூல்களில் மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எழுதப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் கோத்தா நகர நூலகத்திலிருந்து காணாமல்போய், 1950இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. இப்போது இருப்பது எங்கள் ஊர் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில். சொல்லிக் கொடுப்பவர் ஒரு பாதிரியார், கற்பவன் அவர் மாணவன். கடைசித் தாள்களில் மாணவன் இருந்த இடத்தில் வால்புர்கிஸ் என்றொரு பெண் நிற்கிறாள். அவள் யார் என்று நூல் ஒரு வார்த்தை சொல்வதில்லை. எனக்குப் பிடித்த பக்கங்கள் அவைதான், காரணம் சொல்லவேண்டியதில்லை.

சரி, படம் பார்த்துக் கற்க முடியுமா? பாதிதான் முடியும். படத்தில் இரண்டு வாள்களும் ஒன்றையொன்று அழுத்தியபடி நிற்கும். அடுத்த படத்தில் ஒருவர் தன் பக்லரால் மற்றவரின் இரு கைகளையும் சேர்த்து அமுக்கிவிட்டு வெட்டிக்கொண்டிருப்பார். 'ஷில்ட்ஷ்லாக்' என்று பெயர். நடுவில் கால் எப்படிப் போனது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் படத்தில் இல்லை. நீளமான அங்கி வேறு காலை மறைத்துவிடுகிறது. அதை நாம்தான் முகமூடி போட்டுக்கொண்டு, மொக்கை வாளோடு, பத்து விதமாகச் செய்துபார்த்துக் கண்டுபிடிக்கிறோம். உங்கள் வகுப்பில் ஒரு மாதிரியும் எங்கள் வகுப்பில் வேறு மாதிரியும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். குருவழி என்றைக்கோ அறுந்துபோன கலை இது. ஆதிகாலம் முதல் அறாமல் வருகிறது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

முதலில் தடித்த கையுறை வாங்குங்கள். பிறகு நீங்கள் வெட்டும்போது நண்பனை ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வாள் முன்னே போயிருக்கும், பக்லர் இடுப்புப் பக்கம் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். பந்தயம் கட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா