தைராய்டு கட்டி: ரத்தப் பரிசோதனை எதுவரை சொல்லும்?

கேள்வி: வயது 42. கழுத்தின் வலப்பக்கம் 1.8 செ.மீ. தைராய்டு கட்டி என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. டி.எஸ்.எச். 2.1. தைரோகுளோபுலின் 140 என்று வந்ததிலிருந்து தூக்கமில்லை. இது புற்றுநோயா? ஊசி குத்தினால் பரவிவிடும் என்கிறார்களே, ரத்தத்திலேயே கண்டுபிடிக்க வழியில்லையா? அம்மாவுக்கும் கழலை இருந்தது.
- வாசகி, கோத்தகிரி

பதில்: அந்த 140ஐ மறந்துவிடுங்கள். தைரோகுளோபுலின் தைராய்டு செல்கள் உண்டாக்கும் புரதம். சாதாரணக் கழலையிலும் கூடும், அழற்சியிலும் கூடும். புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதும் எடுத்த பிறகு, நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கத்தான் அது பயன்படும். இப்போது அதை எடுத்தது வீண் செலவு.

டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பரிசோதனை கட்டி உள்ள எல்லோருக்கும் அவசியம். அது குறைந்திருந்தால், கட்டியே ஹார்மோன் சுரக்கிறதா என்று ஐசோடோப் ஸ்கேனில் பார்ப்பார்கள். அப்படிச் சுரக்கும் கட்டி புற்றாக இருப்பது அரிது. உங்களுக்கு இயல்பாக இருப்பதால் அந்த ஸ்கேன் வேண்டாம். ஆனால் தைராய்டு புற்றுநோய் உள்ள பலருக்கும் டி.எஸ்.எச். இயல்பாகவே இருக்கும் என்பதால், 2.1ஐ நம்பிச் சும்மா இருந்துவிடவும் கூடாது.

ரத்தத்தில் நேரடியாகத் துப்புக் கொடுப்பது கால்சிடோனின் என்ற ஹார்மோன் ஒன்றுதான். அதுவும் மெடுல்லரி என்ற அரிய வகைக்கு மட்டும். மில்லிலிட்டருக்கு 10 பிகோகிராமுக்குள் இருந்தால் இயல்பு. 100ஐத் தாண்டினால் சந்தேகம் பலமானது. அம்மாவுக்கு இருந்தது வெறும் கழலையா, மெடுல்லரி புற்றா என்று பழைய சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். பின்னதாக இருந்தால் இந்தப் பரிசோதனை கட்டாயம். கால்சிடோனின் சாதாரண வெப்பத்தில் சீக்கிரம் சிதையும். சாம்பிளை மலையிலிருந்து கோவைக்கு அனுப்பும் லேப் என்றால், சீரத்தை உடனே பிரித்து உறையவைத்து அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அளவு பொய்யாகக் குறைந்து வரும்.

முடிவு சொல்வது அல்ட்ராசவுண்டும் ஊசிப் பரிசோதனையும்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டைராட்ஸ்' எண்ணைத் தேடுங்கள். கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்லும் எண் அது. அமெரிக்க முறைப்படி 3 என்றால் 2.5 செ.மீ.க்கு மேல்தான் ஊசி. 4 என்றால் 1.5, 5 என்றால் 1 செ.மீ. போதும். உங்கள் கட்டி 4 அல்லது 5 என்றால் ஊசி வேண்டும். மெல்லிய ஊசிதான், அதனால் புற்று பரவுவது மிக மிக அரிது. ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் ரத்தமாக வந்துவிட்டால் ஸ்லைடு பயன்படாது: குறைந்தது 6 செல் கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் 10 செல்களாவது தெரிய வேண்டும். இல்லையேல் 'பெத்தெஸ்டா 1' என்று எழுதுவார்கள் (பெத்தெஸ்டா என்பது ஊசிப் பரிசோதனை முடிவை 1 முதல் 6 வரை வகைப்படுத்தும் முறை). அது நல்ல செய்தியும் அல்ல, கெட்ட செய்தியும் அல்ல. மறுபடி குத்த வேண்டும், அவ்வளவுதான். 2 என்றால் சாதுவான கட்டி. 4 வந்தால் ஊசியை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது: செல்கள் கட்டியின் உறையை மீறியிருக்கிறதா என்பது கட்டியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: டி.எஸ்.எச். 0.1, ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோன்) அதிகம். படபடப்போ, கை நடுக்கமோ, எடைக் குறைவோ இல்லை. முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற வைட்டமின் 10 மி.கி. சாப்பிடுகிறேன். தைராய்டுக்கு மாத்திரை தொடங்கலாமா?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: தொடங்காதீர்கள். பல லேப் இயந்திரங்களில் பயோட்டின் இதே மாதிரி பொய் முடிவு தரும். குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். லேபிலும் பயோட்டின் விஷயத்தைச் சொல்லுங்கள். அப்போதும் 0.1 என்றே வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.