வளைகோடு பொருந்தினால் போதுமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: உயிரியல் படித்தவள் நான். கணிதத்தைப் பள்ளியோடு விட்டாயிற்று. உயிரியல் அமைப்புகளைக் கணித மாதிரிகளால் ஆராய, எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒரு அளவு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதைச் சமன்பாடாக எழுதத் தெரிந்தால் தொடங்கிவிடலாம். தீர்வு காண்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். முதல் பயிற்சிக்கு, பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் 1838இல் தந்த லாஜிஸ்டிக் சமன்பாடே ஏற்றது: பெருகும் வேகம் = ஆர் × என் × (1 − என் ÷ கே). இதில் என் என்பது எண்ணிக்கை, ஆர் என்பது பெருக்க வீதம், கே என்பது அந்தச் சூழல் தாங்கும் உச்ச அளவு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு ஆர் = 0.693 (2-இன் இயல் மடக்கை) ÷ 20, அதாவது நிமிடத்துக்கு 0.0347.

ஆய்வகத்தில் எடுத்த ஒளியடர்த்தி (பாக்டீரியா பெருகப் பெருக ஊடகம் கலங்கும் அளவு) அளவீடுகளோடு இதைப் பொருத்தும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பாக்டீரியா புதிய ஊடகத்துக்குப் பழகும் தொடக்கத் தேக்கம் இந்தச் சமன்பாட்டில் கிடையாது. அந்த நேரத்து அளவீடுகளையும் சேர்த்துப் பொருத்தினால் ஆர் தவறாக வரும். இன்னொன்று, எண்ணிக்கை கே-யில் பாதியைத் தாண்டிய பிறகுதான் வளர்ச்சி வேகம் குறையத் தொடங்குகிறது. அதற்கு முன்பே அளவெடுப்பதை நிறுத்தியிருந்தால், மென்பொருள் தரும் கே-யை நம்ப வேண்டாம்.

கேள்வி: பைத்தான் நிரல்மொழியில் எஸ்.ஐ.ஆர். தொற்று மாதிரியை (எஸ் தொற்றக்கூடியோர், ஐ தொற்றுள்ளவர், ஆர் குணமானோர்) எழுதினேன். மக்கள்தொகை 1000, தொற்றுள்ளவர் 1, பீட்டா (தொற்று பரவும் வீதம்) 0.4, காமா (குணமாகும் வீதம்) 0.1, காலப்படி (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரம்) ஒரு நாள். இரண்டாம் நாளிலேயே தொற்றக்கூடியோர் எண்ணிக்கை மைனஸில் போய்விட்டது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் பீட்டா × எஸ் × ஐ என்று எழுதிவிட்டு, மொத்த மக்கள்தொகையான என்-ஆல் வகுக்க மறந்திருப்பீர்கள். அப்படியானால் முதல் நாளில் புதிய தொற்று 0.4 × 999 × 1, ஏறக்குறைய 400. மறுநாள் 0.4 × 599 × 400, அதாவது 95,000-க்கும் மேல். இருப்பதே 1000 பேர்தான். என்-ஆல் வகுத்தால் முதல் நாள் புதிய தொற்று 0.4 மட்டுமே. ஒவ்வொரு உறுப்புக்கும் பக்கத்தில் அலகை எழுதிப் பார்த்தால் இந்தப் பிழை உடனே கண்ணில் படும். இடப்பக்கம் 'நாளுக்கு எத்தனை பேர்' என்றால் வலப்பக்கமும் அதுவாகவே இருக்க வேண்டும்.

திருத்திய பிறகு விடையைச் சரிபார்க்க வழி உண்டு. மூன்று பிரிவுகளின் கூட்டுத்தொகை எந்த நாளிலும் 1000-ஆக இருக்க வேண்டும். பீட்டா ÷ காமா, அதாவது ஆர்-நாட் (எல்லோரும் தொற்றக்கூடியவராக இருக்கும்போது ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புவார் என்ற எண்), உங்கள் கணக்கில் 4. ஆகவே தொற்றக்கூடியோர் 250-ஆகக் குறையும்போது தொற்று உச்சத்தைத் தொட வேண்டும். அப்போது தொற்றுள்ளவர் சுமார் 403 பேர். இறுதியில் தொற்றாமல் தப்புவோர் 20 பேர் அளவில் இருப்பார்கள்.

காலப்படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். விடை கணிசமாக மாறினால் படி பெரியது. இப்போதைய வேகத்தையே அடுத்த படி வரை நீட்டும் எளிய ஆய்லர் முறையை லோட்கா-வோல்டெரா இரை-வேட்டையாடி மாதிரியில் பயன்படுத்தினால் இது இன்னும் மோசமாகும்: மூடிய வளையமாகச் சுற்றவேண்டிய தீர்வு ஒவ்வொரு சுற்றிலும் வெளியே விரிந்துகொண்டே போகும். அந்த விரிவு கணக்கு முறை உண்டாக்கியது, உயிரினத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பைத்தானின் சைபை நூலகத்தில் உள்ள, ஒவ்வொரு படிக்குள்ளும் வேகத்தைப் பலமுறை கணக்கிடும் ரங்கே-குட்டா தீர்வியைப் பயன்படுத்துங்கள். அதிலும் இயல்பாக அமைந்த பிழை வரம்பு தளர்வானது. அதை இறுக்கிவிட்டு ஓட்டுவது நல்லது.

கேள்வி: என் மாதிரி முதல் சில வாரத் தரவோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் அடுத்து வருவதைக் கணிக்கச் சொன்னால் முற்றிலும் தவறிவிடுகிறது. ஏன்?

பதில்: இந்தத் துறையில் அதிகம் பேரை ஏமாற்றும் இடம் இது. விரிவாகவே பார்ப்போம்.

தொற்றின் தொடக்கத்தில் ஏறத்தாழ எல்லோருமே தொற்றக்கூடியவர்கள். அப்போது எண்ணிக்கை பெருகும் வீதம் பீட்டா − காமா. உங்கள் தரவு அந்த வித்தியாசத்தை மட்டுமே சொல்கிறது. நாளுக்கு 0.3 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். பீட்டா 0.4, காமா 0.1 என்றாலும் அது 0.3. 0.5-உம் 0.2-உம் என்றாலும், 0.8-உம் 0.5-உம் என்றாலும் 0.3தான். மூன்று ஜோடிகளும் ஒரே வளைகோட்டைத் தருவதால் பொருத்தத்தை வைத்து எது சரி என்று பிரிக்கவே முடியாது. ஆனால் ஆர்-நாட் முறையே 4, 2.5, 1.6. இறுதியில் தொற்றுக்கு உள்ளாவோர் 98, 89, 64 சதவீதம்! மென்பொருள் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கும்; நீங்களும் அதை நம்பியிருப்பீர்கள்.

இதற்கு மருந்து வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஒருவர் சராசரியாக எத்தனை நாள் தொற்றைப் பரப்புகிறார் என்பதை மருத்துவ ஆய்விலிருந்து எடுத்து, ஒன்றை அந்த நாள்களால் வகுத்துக் காமாவை நிலைநிறுத்துங்கள். பிறகு பீட்டாவை மட்டும் பொருத்துங்கள். நோயாளிகளில் எத்தனை பங்கு பதிவாகிறது என்பதும் இதேபோல ஒளிந்துகொள்ளும் எண். அதற்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் கணக்கெடுப்பு வேண்டும். எந்த அளவுரு (பீட்டா, காமா போன்ற எண்) தரவால் தீர்மானமாகிறது என்று அறிய, அதைச் சிறிது சிறிதாக மாற்றி அந்தந்த மதிப்பில் நிறுத்தி, மற்றவற்றை ஒவ்வொரு முறையும் மறுபடி பொருத்துங்கள். தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசம் ஏறாமல் தட்டையாகவே கிடந்தால், அந்த அளவுருவைப் பற்றி உங்கள் தரவுக்கு ஒன்றும் தெரியாது என்று பொருள்.

அளவுரு எல்லாம் சரியாகக் கிடைத்தாலும், மாதிரி சொல்லும் பரவல் வழிமுறை சரி என்று ஆகிவிடாது. கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1927இல் இந்த எஸ்.ஐ.ஆர். மாதிரியை வெளியிட்டபோது, 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக்கால் வாராவாரம் நேர்ந்த இறப்புகளோடு ஒப்பிட்டார்கள். மூன்றே எண்கள் கொண்ட மணி வடிவ வளைகோடு மிக அழகாகப் பொருந்தியது. ஆனால் அந்தப் பிளேக் எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சிகள் வழியாக மனிதருக்கு வந்தது. சமன்பாட்டில் எலிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் இடமே இல்லை. தங்கள் அனுமானங்கள் முழுமையாக நிறைவேறவில்லை, இது மிகத் தோராயமானது என்று அவர்களே எழுதிவைத்தார்கள். அந்த நேர்மை ஒவ்வொரு ஆய்வறிக்கையிலும் வேண்டும். மணி வடிவத்தைப் பல வழிமுறைகள் உருவாக்கும். உங்கள் வழிமுறைதான் காரணம் என்று காட்ட, போட்டி மாதிரிகள் வேறு விடை தரும் ஒரு சூழலைத் தேடி அங்கே சோதியுங்கள்.

கேள்வி: மாதிரியில் தொற்றுள்ளவர் 0.003 பேர் என்று வருகிறது, பிறகு அதிலிருந்தே மறுபடி பரவல் கிளம்புகிறது. இதை ஏற்கலாமா?

பதில்: கூடாது. எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டால் இதுவரை பார்த்த வகைக்கெழுச் சமன்பாட்டை (மாறும் வேகத்தைச் சொல்லும் சமன்பாடு) விட்டு, தற்செயலைக் கணக்கில் கொள்ளும் கில்லெஸ்பி முறைக்கு மாறுங்கள். முன்பு பார்த்த எண்களையே எடுத்துக்கொள்வோம். தொற்றுள்ளவர் ஒருவர். தொற்று நிகழும் வீதம் 0.4, அவர் குணமாகும் வீதம் 0.1, மொத்தம் 0.5. அடுத்த நிகழ்வு சராசரியாக 2 நாளில் வரும். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்து, அதன் இயல் மடக்கையின் எதிர்மறையை 0.5-ஆல் வகுத்தால் அந்த நேரம் கிடைக்கும். இரண்டாவது சமவாய்ப்பு எண் 0.8-க்குள் இருந்தால் புதிய தொற்று, இல்லையென்றால் குணம். எண்ணிக்கைகளைத் திருத்தி, வீதங்களைப் புதிதாகக் கணக்கிட்டு, மறுபடி செய்யுங்கள்.

ஆயிரம் முறை ஓட்டினால், ஆர்-நாட் 4 ஆக இருந்தும், ஏறக்குறைய கால்பங்கு ஓட்டங்களில் தொற்று பரவாமலே அணைந்துவிடும். தொடக்கத்தில் மூன்று பேர் இருந்தால் அந்த வாய்ப்பு 64-இல் 1. ஆகவே எல்லா ஓட்டங்களுக்கும் சேர்த்து ஒரு சராசரிக் கோடு வரைய வேண்டாம். அணைந்தவற்றையும் பரவியவற்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.