பள்ளிக் குழந்தைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய் வகுப்பு நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் குன்னூர் பக்கம் ஆசிரியர். பள்ளிக்குப் பின்னால் ஒரு சின்னச் சோலை (மலைப் பள்ளத்தாக்கில் இருக்கும் பசுமைமாறாக் காடு) இருக்கிறதாம். இரண்டு தயக்கங்களைச் சொல்லியிருக்கிறார். ஒன்று காட்டெருமையும் கரடியும். இன்னொன்று, "எனக்கு மரங்களின் பெயரே தெரியாது." முதல் தயக்கம் நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன். இரண்டாவதை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

நான் ஈரோட்டுக்காரி. கல்யாணமாகி கோத்தகிரிக்கு வந்தபோது எனக்கு அடையாளம் தெரிந்தவை வேப்பமரமும் புளியமரமும்தான். இரண்டையும் இந்த உயரத்தில் பார்க்க முடியாது. எட்டு வருஷமாகப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளை, ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும், மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை சோலைக்குக் கூட்டிப்போகிறேன். முதல் நாள் நான் செய்த கூத்தைச் சொன்னால் உங்களுக்குத் தைரியம் வரும். 42 பிள்ளைகள். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட சார்ட்டுகள், இருபது மரங்களின் படமும் பெயரும். ஒன்றரை மணி நேரம் தொண்டை வறளப் பேசினேன். அடுத்த வாரம் பள்ளிக்குப் போய், "காட்டில் என்ன பார்த்தீங்க?" என்று கேட்டேன். முன் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "நீங்க வழுக்கி விழுந்தீங்க டீச்சர்" என்றாள். வகுப்பு முழுவதும் ஆமாம் போட்டது. வேறு யாருக்கும் வேறு எதுவும் ஞாபகமில்லை.

அதற்குப் பிறகுதான் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஒரே இடத்துக்குப் போக வேண்டும். திரும்பத் திரும்ப, அதே பிள்ளைகளுடன், அதே மரத்தடிக்கு. இது நான் கண்டுபிடித்தது இல்லை. டென்மார்க்கில் சின்னப் பிள்ளைகளை வருஷம் முழுக்க வெளியிலேயே வைத்திருக்கும் பள்ளிகளை, 1993-இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து போன ஒரு குழு பார்த்துவிட்டு வந்தது. இங்கிலாந்தில் 'ஃபாரஸ்ட் ஸ்கூல்' என்ற பெயரில் அது பரவியது அப்படித்தான். அவர்களும் முதல் விதியாகச் சொல்வது இதைத்தான்: ஒரு நாள் போய்விட்டு வந்தால் அது சுற்றுலா. சுற்றுலாவுக்கு ஊட்டி இருக்கிறது, பூங்கா இருக்கிறது, ஐஸ்கிரீம் இருக்கிறது.

அவர்களிடம் எடுத்துக்கொள்ளக் கூடாததும் உண்டு. அங்கே பிள்ளைகள் கத்தியால் குச்சி சீவுவார்கள், நெருப்பு மூட்டி ரொட்டி சுடுவார்கள். இங்கே வனத்துறையின் பாதுகாப்பில் இருக்கும் காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவது குற்றம். அதிலும் உறைபனியில் புல் கருகிக் கிடக்கும் தை, மாசி, பங்குனியில் தீப்பெட்டியே பையில் இருக்கக் கூடாது. நாங்கள் ஃபிளாஸ்கில் டீ, துணிப்பையில் பொரிகடலை. சிப்ஸ் பாக்கெட்டுக்கு அனுமதி இல்லை. பிளாஸ்டிக் ஒரு காரணம், குரங்கு இன்னொன்று.

ஒரே இடம் என்றால் அலுப்புத் தட்டாதா என்று கேட்பீர்கள். எங்கள் சோலை ஓரத்தில் ஒரு பெரிய சீகை (வாட்டில்) மரம் காற்றில் விழுந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம்தான், சோலை மரம் இல்லை. விழுந்த வாரமே பிள்ளைகள் அதில் ஒரு கயிறு கட்டி வைத்தார்கள். மூன்றாவது மாதம் பட்டையில் காது காதாகக் காளான். பிறகு பொட்டுப் பொட்டாக ஓட்டைகள், ஓட்டைக்குக் கீழே மாவு மாதிரி மரத்தூள். மரங்கொத்தி வந்தது. பட்டை கழன்றபோது அடியில் மரவட்டைக் கூட்டம். இரண்டாம் வருஷம் அதன் பக்கவாட்டில், பாதி நிழலும் பாதி வெயிலுமான இடத்தில், காட்டு நாவல் கன்றுகள் நான்கு. கயிறு கட்டியவர்கள் இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டார்கள். பஸ்ஸில் பார்த்தால் பரீட்சை பற்றிப் பேசுவதில்லை. "அந்த மரம் என்ன ஆச்சு டீச்சர்?" என்றுதான் கேட்கிறார்கள்.

சரி, பெயர் விஷயம். நான் பெயரை முதலில் சொல்வதே இல்லை, தெரிந்தாலும். பெயர் தெரிந்த உடனே பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் அவர்களே பெயர் வைக்கட்டும் என்று விட்டுவிடுவேன். சோலைக்குள் தரையோரம் தாழ்வாகப் பறக்கும் ஒரு சின்னக் குருவி, உடம்பு ஆரஞ்சு, தலையும் இறக்கையும் கறுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. எங்கள் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் தீக்குச்சிக் குருவி. புத்தகப் பெயரைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. சோலை ஓரத்தில் ஒரு புதர் உண்டு, இலையைக் கசக்கி முகர்ந்தால் சுளுக்குத் தைல வாசனை. முகர்ந்த அத்தனை பேரும் "அயோடெக்ஸ்!" என்று கத்தினார்கள். ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் இந்த இலையில் காய்ச்சுவதுதான். அதை அடுத்த தடவைதான் சொன்னேன். தானாக முகர்ந்த பிறகு கேட்கும் பெயர் மறப்பதில்லை. உங்களுக்கே தெரியாத மரம் வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள். டீச்சருக்குத் தெரியாத ஒன்று இருப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் சந்தோஷமே தனி.

இங்கே ஒரு சின்னப் பொய்யையும் உடைத்துவிடுகிறேன். வகுப்பில் வாய் திறக்காத பையன் காட்டில் பேச ஆரம்பிப்பான் என்று எல்லாரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் வகுப்பில் வாயாடி காட்டிலும் வாயாடிதான். பேசாதவன் அங்கேயும் பேசவில்லை. ஆனால் அவன் பேசவில்லையே என்று யாரும் அங்கே கவலைப்படவில்லை.

இப்போது விலங்குகள். கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை மேய்வதைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கு வருகிறார்கள். நாங்கள் ஒன்பதரைக்கு முன்னால் உள்ளே போவதில்லை, பன்னிரண்டுக்கு மேல் உள்ளே இருப்பதில்லை. விடியலும் அந்தியும் அவற்றின் நேரம், மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பது தெரியாது. நடக்கும்போது அமைதியாக நடக்கச் சொல்லாதீர்கள். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கரடிக்குப் பார்வையும் காதும் அவ்வளவு கூர்மை இல்லை. திடீரென்று நேருக்கு நேர் வந்து நிற்பவர் மேல்தான் அது பாயும். அதனால் போகும் வழியெல்லாம் பேச்சு, பாட்டு, வளைவில் கைதட்டல். இடத்துக்குப் போய் உட்கார்ந்த பிறகு மௌனம், பத்து நிமிஷம், ஆளுக்கு ஒரு மரத்தடி. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் யாரோ விசிலடிப்பது மாதிரி சீகாரப் பூங்குருவி பாடும். பிள்ளைகள் திரும்ப விசிலடிப்பார்கள். அதைத் தடுக்க என்னால் முடிந்ததில்லை.

ஒரு தடவை ஓடைக்கு அக்கரையில் ஒற்றைக் காட்டெருமை, நல்ல வளர்ந்த காளை. "ஓடக் கூடாது, முதுகு காட்டக் கூடாது, மெதுவாகப் பின்னால் நகர வேண்டும்" என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஓடியதும் நான்தான். பிள்ளைகள் ஒருவர் பின்னால் ஒருவராக நின்று, சத்தமில்லாமல் பின்வாங்கி வந்தார்கள். "ஓடாதீங்க டீச்சர், அது சும்மாதான் பாக்குது" என்று ஒரு பையன் மெல்லிய குரலில் என்னைச் சமாதானப்படுத்தினான். தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பான எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை, தினமும் பார்ப்பவன்.

உண்மையில் நான் அதிகம் கவனிப்பது பெரிய விலங்குகளை இல்லை. அட்டைக்கு, துணியில் உப்பைக் கட்டி ஈரப்படுத்தி குச்சி நுனியில் வைத்துக்கொண்டால் போதும், தொட்டால் விழுந்துவிடும். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறைய விடாது, அதனால் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் வடியும். இதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெள்ளைச் சட்டையில் சிவப்பைப் பார்த்து ஒரு அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார். உண்ணிக் காய்ச்சல் அதைவிட முக்கியம். புதரிலும் உயரப் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. கடித்து ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும், கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கலாம். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் "பையன் காட்டுக்குப் போய் வந்தான்" என்று மறக்காமல் சொல்ல வேண்டும். தெரிந்தால் எளிதில் குணமாகும் மருந்து இருக்கிறது. அப்புறம், வேலியோரங்களில் கோயில் மணி மாதிரி தலைகீழாகத் தொங்கும் பெரிய பூ, ஊமத்தைக்கு உறவு, முழுக்க விஷம். அழகாக இருப்பதால் பிள்ளைகள் பறிப்பார்கள். தின்பதில் எங்கள் விதி ஒன்றே ஒன்று: கூட வரும் வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணா தின்று காட்டிய பழத்தைத் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது. தவிட்டுப்பழக் காலத்தில் அவர் படும் பாடு வேறு.

மழைக்கு நாங்கள் நிறுத்துவதில்லை, காற்றுக்கு நிறுத்துவோம். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் சொல்லாமல் சாயும்.

என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதைப்போல வேறெதுவும் எங்களுக்குப் பலிக்கவில்லை. பெரிய பால்பவுடர் டப்பா மூன்று, இரண்டு பக்கமும் வெட்டித் திறந்தது. ஒன்றைச் சோலைத் தரையில் இரண்டு விரல் ஆழம் அழுத்தி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினோம். சத்தமாக எண்ணச் சொன்னேன். எண்ணத் தொடங்கி மூச்சு விடுவதற்குள் தண்ணீரைக் காணோம். இன்னொரு லிட்டர் ஊற்றினால் அதுவும் போயிற்று. இரண்டாவது டப்பா, ஆட்கள் நடந்து நடந்து இறுகிய தேயிலைத் தோட்டத்துப் பாதையில். பொரிகடலை முழுக்கத் தின்று முடித்த பிறகும் பாதித் தண்ணீர் அப்படியே நின்றது. மூன்றாவது கற்பூர மரத்தடியில். அது காய்ந்த மாதம். தண்ணீர் மண்ணில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. இலையின் எண்ணெயும் மெழுகும் மண்ணில் படிந்து அப்படி ஆகிறது. யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு பெண், "மழை பேஞ்சா எங்க லைன் பக்கம் தண்ணி அடிச்சுக்கிட்டு வர்றது இதனாலதானா டீச்சர்?" என்றாள். "அப்ப சோலைக்குள்ள போன தண்ணி எங்க போச்சு?" என்றான் பக்கத்திலிருந்தவன். நான் பதில் சொல்லவில்லை. ஓடை வரை நடந்தோம். அது மார்ச் மாதம், மழையைப் பார்த்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது, ஓடையில் தண்ணீர் இருந்தது. அந்தப் பையன் டப்பாவை இரவல் வாங்கிக்கொண்டு போய் வீட்டு வாசல், மாட்டுக் கொட்டகை, பள்ளி மைதானம் எல்லாவற்றிலும் ஊற்றிப் பார்த்து ஒரு பட்டியல் கொண்டுவந்தான். பள்ளி மைதானம்தான் கடைசி.

கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர். சுற்றியுள்ள ஊர்களுக்கு அதுதான் தண்ணீர். 2024 ஜனவரியில் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் அதைச் சேர்த்தபோது, காட்டை எதற்கு ஈரநிலப் பட்டியலில் சேர்க்கிறார்கள் என்று பெரியவர்கள் என்னிடம் கேட்டார்கள். டப்பா பிள்ளைகள் கேட்கவில்லை.

அனுமதி பற்றி. சோலை காப்புக்காடாக இருந்தால் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். வனச்சரக அலுவலகத்தில் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதம் கொடுங்கள், கூட ஒரு காவலரைக் கேளுங்கள். எங்களுக்கு முதல் தடவை ஐந்து மாதம் ஆனது. ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குக் கடிதம் நடந்த தூரத்தை நான் காட்டில்கூட நடந்ததில்லை. அந்த ஐந்து மாதமும் பள்ளி வேலிக்குப் பின்னால் இருந்த புதர்க்காட்டில் வகுப்பு நடத்தினோம். யோசித்துப் பார்த்தால் அங்கேயே தொடர்ந்திருந்தாலும் பாதகமில்லை. ஹட்டியை (படுகர் ஊரை) ஒட்டிய சோலை என்றால் ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் போகாதீர்கள். சாமி இடமாக இருக்கலாம், செருப்பைக் கழற்ற வேண்டிய இடம் இருக்கலாம்.

ஒரு தடவைக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், பத்துப் பேருக்கு ஒரு பெரியவர். கிளம்புவதற்கு முன்னால் எல்லாரையும் கழிப்பறைக்கு அனுப்புங்கள். பெண் பிள்ளைகள் உள்ளே போய் அவஸ்தைப்பட்டால் அடுத்த தடவை வயிற்றுவலி என்று வரமாட்டார்கள். தலைமையாசிரியர் "போர்ஷன் முடியாதே" என்பார். மரத்தின் சுற்றளவை முழம் போட்டு அளந்து, நிழலை வைத்து உயரம் கணக்குப் போட்ட நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், கொஞ்ச நாள் தாங்கும்.

ஜூலை, ஆகஸ்டில் தொடங்குங்கள். கூடலூரில் கொட்டும் மழை தொட்டபெட்டாவைத் தாண்டி நம் பக்கம் வரும்போது பெரும்பாலும் சாரல்தான். நமக்கு மழை ஐப்பசியும் கார்த்திகையும். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்கள் யாரும் அந்த மாதங்களில் பிள்ளைகளைச் சரிவுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள், நானும் போவதில்லை.

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள். கம்பூட்ஸ் இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள், நான் விழுந்த இடம் இன்னும் வழுக்குகிறது.