வெள்ளிக்கிழமை இரவில் சபைக் கதவு

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. க்ரொய்டனில் இருக்கிறோம். போன மாதம் அவனுடைய பள்ளிக்கூடத்துப் பெடியன் ஒருவனைக் கத்தியால் குத்திவிட்டார்கள். பிள்ளை உயிர் தப்பிவிட்டான். அதற்குப் பிறகு பின்னேரங்களில் பெடியள் கூட்டமாக நிற்பதும், பொலிஸ் மறித்துச் சோதிப்பதும், போத்தல் எறிவதுமாக இருக்கிறது. எங்கள் தமிழ்ச் சபையின் மூப்பர்கள் வெள்ளிக்கிழமை வாலிபர் கூட்டத்தை நிறுத்திவிட்டார்கள். "எங்கட பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருப்போம், ஜெபிப்போம், மற்றது எங்கட வேலை இல்லை" என்கிறார்கள். மகனோ, "கடைக்காரருக்கு ஜெபித்தார்கள், பொலிசுக்கு ஜெபித்தார்கள், எங்களுக்கு ஒருவரும் ஜெபிக்கவில்லை" என்று சொல்லிச் சபைக்கு வருவதையே விட்டுவிட்டான். அந்தப் பெடியளிடம் போய் நின்றால் தவறுக்குத் துணைபோவதாகாதா? கிறிஸ்தவர்கள் என்னதான் செய்யவேண்டும்?
— ஒரு தாய், தென் லண்டன்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகன் விசுவாசத்தை விட்டுவிட்டான் என்று பயப்படாதீர்கள். சபையில் யாருக்காக ஜெபித்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று அவன் கவனித்திருக்கிறான். காது கொடுத்துக் கேட்டவனுக்குத்தான் அந்தக் கோபம் வரும். இன்றைக்கே அவனோடு உட்கார்ந்து, குத்துப்பட்ட பெடியனைப் பற்றிக் கேளுங்கள். புத்திமதி சொல்லவேண்டாம். அவனுடைய சிநேகிதன் ஒருவன் சாவின் வாசல்வரை போய் வந்திருக்கிறான். அதைப் பற்றி வீட்டில் யாராவது கதைத்தார்களா?

சரி, சபையின் விஷயத்துக்கு வருவோம்.

2011 ஆகஸ்ட் கலவரத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 4ஆம் திகதி வட லண்டனின் டொட்டன்ஹாமில் மார்க் டகன் என்ற 29 வயதுக்காரரைப் பொலிஸார் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாள் கழித்து அவருடைய குடும்பத்தாரும் அயலவரும் பொலிஸ் நிலையத்துக்கு அமைதியாக நடந்துபோய், நடந்ததைச் சொல்லுங்கள் என்று மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் எதிர்பார்த்த மூத்த அதிகாரி வரவில்லை. அன்றிரவே கலவரம் வெடித்தது. இறந்த செய்தியைக் குடும்பத்துக்கு முறையாக அறிவிக்காததற்காகப் பொலிஸ் பிறகு மன்னிப்புக் கேட்டது. அந்தத் துப்பாக்கிச் சூடு சட்டத்துக்கு உட்பட்டதே என்று 2014இல் மரண விசாரணை ஜூரி முடிவு சொன்னது. இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்கள் நம்மை நம்பமாட்டார்கள்.

கலவரம் உங்கள் ஊருக்கும் வந்தது. 8ஆம் திகதி இரவு க்ரொய்டனில் நூற்றாண்டுக்கு மேல் பழமையான ரீவ்ஸ் தளபாடக் கடை எரிந்து சாம்பலானது. "வாலிபர் கலவரம்" என்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அந்தக் கடைக்குத் தீ வைத்ததற்காகச் சிறை சென்றவருக்கு வயது 33. அதே இரவில் ஹாக்னியின் கிளாரன்ஸ் வீதியில் ஓர் இலங்கைத் தமிழரின் சிறு கடையை உடைத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அவருடைய பாடுதான் நம் சனங்களுக்கு உடனே விளங்கும். ஊரை விட்டு வந்து, பாடுபட்டுத் தேடியது ஒரே இரவில் போனது. பிறகு அக்கம்பக்கத்து மக்கள், பலதரப்பட்டவர்களும், பணம் சேர்த்து அந்தக் கடையைத் திரும்பத் திறக்க வைத்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "மற்றது எங்கட வேலை இல்லை" என்று அந்த அயலவர்களும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நமக்காக மற்றவர்கள் வீதிக்கு வந்த நகரத்தில், மற்றவர்களின் பிள்ளைக்காக நாம் கதவைப் பூட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

"எங்கட பிள்ளைகள்" என்று சொல்லும்போதும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். 2000களின் தொடக்கத்தில் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் பக்கங்களில் வாளும் கத்தியுமாக ஒருவரையொருவர் வெட்டியது நம் பெடியள்தான். போரிலிருந்து தப்பி வந்த பிள்ளைகள், இரண்டு வேலை செய்து வீட்டில் இல்லாத பெற்றோர், மொழி தெரியாத பள்ளிக்கூடம், பாதுகாப்புக்கு ஒரு கூட்டம். இன்றைக்கு வேறு பிள்ளைகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அன்றைக்குச் சபைகள் அவர்களைக் கண்டுகொண்டதைவிட, அவர்களைக் கண்டு வெட்கப்பட்டதே அதிகம்.

அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் ஐத்திகு என்று ஒரு வாலிபன் வருகிறான். பவுல் நடுராத்திரிவரை பிரசங்கம் பண்ண, ஜன்னலில் இருந்தவன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிடுகிறான். பவுல் என்ன செய்தார்? "கூட்டத்தில் தூங்கியது யார் குற்றம்" என்று விசாரிக்கவில்லை. மேலே இருந்தபடியே ஜெபித்துவிட்டுப் பிரசங்கத்தைத் தொடரவுமில்லை. பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். அப்பம் பிட்டதும், விடியும்வரை பேசியதும் அதற்குப் பிறகுதான். உங்கள் மூப்பர்களிடம் இந்தப் பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இறங்கிப்போன பிறகு செய்யும் ஜெபத்தைப் பிள்ளைகள் நம்புவார்கள்.

தவறுக்குத் துணைபோவதாகாதா என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. களவு களவுதான், போத்தல் எறிவது பாவந்தான். அதைப் பெடியளிடம் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர்களோடு நிற்கிறவர் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். வாசலைப் பூட்டியவர் சொன்னால் எப்படிக் கேட்பார்கள்? பொலிஸ் ஒரு பிள்ளையைக் காரணமில்லாமல் திரும்பத் திரும்ப மறித்தால் அதையும் பொலிஸிடம் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அயற்பொலிஸ் குழு இருக்கிறது, பொதுமக்களைச் சந்திக்கிறார்கள். உங்கள் போதகர் அங்கே ஒருநாள் போய் உட்காரட்டும்.

தனியாகத் தொடங்கப் பயமாக இருந்தால், தொடங்கியவர்களோடு சேருங்கள். 2003இல் தென் லண்டனின் பிரிக்ஸ்டனில் லெஸ் ஐசக் என்ற போதகர் "ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ்" என்ற ஊழியத்தை ஆரம்பித்தார். பயிற்சி பெற்ற சபை மக்கள் வார இறுதி இரவுகளில் பத்து மணிக்குப் பிறகு சிறு குழுவாக வீதியில் நடப்பார்கள். தண்ணீர் கொடுப்பார்கள், உடைந்த போத்தல்களைப் பொறுக்குவார்கள், வெறுங்காலோடு தள்ளாடி வரும் பெண்பிள்ளைக்கு ரப்பர் செருப்பு கொடுப்பார்கள். பிரசங்கம் செய்ய அவர்கள் போவதில்லை, கேட்கத்தான் போகிறார்கள். இன்று பிரித்தானியாவின் பல நகரங்களில் இது நடக்கிறது. பேரப்பிள்ளை கண்டவர்களும் போகிறார்கள். தமிழ்ச் சபைகளிலிருந்தும் அதிகம் பேர் போகவேண்டும் என்பது என் ஆசை.

அரசியல் வேண்டாம் என்பவர்களுக்கும் ஒன்று. 1981இல் பிரிக்ஸ்டனும் லிவர்பூலின் டொக்ஸ்டெத்தும் கலவரத்தில் எரிந்தன. பிறகு இங்கிலாந்துத் திருச்சபையின் மூத்த ஆயரான கன்டர்பரி பேராயர் நியமித்த ஆணைக்குழு நகர வறுமை பற்றி 1985இல் அறிக்கை வெளியிட்டது. அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. அதற்காகத் திருச்சபை பின்வாங்காமல் ஏழை வட்டாரங்களுக்கு உதவத் தனி நிதியமும் அமைத்தது. 2011 கலவரத்துக்குச் சில மாதங்கள் முன்புதான் டொட்டன்ஹாம் இருக்கும் ஹாரிங்கே பகுதியில் 13 இளைஞர் மன்றங்களில் 8 மூடப்பட்டிருந்தன. கலவரத்துக்கு அதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெடியளுக்குப் போக இடமில்லாத ஊரில், கூரையும் வெப்பமும் உள்ள மண்டபம் வைத்திருக்கும் சபை அதைப் பூட்டிவைப்பதை என்னால் ஏற்கமுடியாது.

மகனின் பையிலோ அறையிலோ கத்தி ஏதாவது கண்டால் ஒளித்துவைக்காதீர்கள், அவனை அடித்துத் துரத்தவும் வேண்டாம். பயத்தில்தான் பல பிள்ளைகள் தூக்குகிறார்கள். லண்டனில் சில ஆலய வாசல்களில் கத்திகளைப் போட்டுவிட்டுப் போகப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அவனோடு நீங்களும் போங்கள்.

அடுத்த சபைக்குழுக் கூட்டத்தில் வாலிபர் கூட்டத்தைத் திரும்பத் தொடங்கும்படி கேளுங்கள். "தொடங்கலாம், பார்ப்போம்" என்றால் விடாதீர்கள். எந்த வெள்ளிக்கிழமை, எத்தனை மணிக்கு, குற்றப் பின்னணிச் சோதனை முடித்த இரண்டு பெரியவர்கள் யார், சாப்பாடு யார் கொண்டுவருவது என்று எழுதி வாங்குங்கள். தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமல்ல, அவர்களுடைய சிநேகிதர்களும் வரலாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். குத்துப்பட்ட பெடியனின் வீட்டுக்கும், அந்த வழக்கில் பிடிபட்ட பெடியனின் வீட்டுக்கும் சபையிலிருந்து இருவர் போகவேண்டும். உங்கள் மகன் சம்மதித்தால், முதலாவது வீட்டுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.