இரண்டாம் உலகப் போர் மூண்டதில் சோவியத் ஒன்றியத்துக்குப் பொறுப்பு உண்டா, அல்லது அது தற்காப்பு மட்டும்தானா?

கேள்வியின் தொனியைப் பார்த்தால், வீட்டிலோ விடுதியிலோ நடந்த வாக்குவாதம் ஒன்றுக்கு நீங்கள் சான்று தேடுவதாகத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அந்த வாக்குவாதம் 1989 டிசம்பரில் நடந்தது. அப்பா தொழிற்சங்கக்காரர்; மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி மலிவு விலைக்கு வந்த புத்தகங்களே எங்கள் அலமாரியை நிறைத்திருந்தன. அவற்றை நம்பி வளர்ந்த எனக்குப் போர் என்பது, ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்த 1941 ஜூன் 22 அன்று தொடங்கியது. 1939 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் கையெழுத்திட்ட, ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்ற ஒப்பந்தத்துக்கு, கிழக்கு ஐரோப்பாவைப் பங்கு பிரிக்கும் ஓர் இரகசிய இணைப்பும் இருந்ததைச் சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேராயமே ஒப்புக்கொண்டு கண்டித்த செய்தியை, கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்த நான் அவரிடம் நீட்டினேன். "முதல்ல மியூனிக்கைப் படிச்சிட்டு வா" என்றார்.

படித்தேன், அவர் பக்கம் நியாயம் இருக்கத்தான் செய்தது. 1938 செப்டம்பரில் பிரிட்டனும் பிரான்சும் மியூனிக் உடன்படிக்கையில் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை ஹிட்லருக்குத் தாரைவார்த்தபோது மாஸ்கோவை யாரும் அழைக்கவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டில், ஹிட்லருக்கு எதிரான கூட்டணி பற்றி மாஸ்கோவில் பேச பிரிட்டனும் பிரான்சும் அனுப்பிய இராணுவக் குழு கப்பலில் சாவகாசமாக வந்து சேர்ந்தது. பிரிட்டன் தரப்புத் தலைவர் டிராக்ஸிடம் எழுத்து மூலமான அதிகாரம்கூட இல்லை. போலந்து வழியே சோவியத் இராணுவமான செம்படை செல்ல முடியுமா என்று சோவியத் பாதுகாப்புத் துறைத் தலைவர் வொரோஷிலோவ் கேட்டதற்குத் தெளிவான விடையும் கிடைக்கவில்லை. அதே நேரத்தில் கிழக்கே மங்கோலிய எல்லையிலுள்ள கல்கின் கோலில் ஜப்பானியருடன் சண்டை நடந்துகொண்டிருந்தது.

ஆனால், இந்த அச்சம் "ஒருவரை ஒருவர் தாக்க மாட்டோம்" என்ற பகுதியைத்தான் விளக்குகிறது. நரேவ், விஸ்துலா, சான் ஆறுகளை ஒட்டிப் போலந்தைப் பங்கு பிரித்ததையோ, செப்டம்பர் 17 அன்று செம்படை உள்ளே நுழைந்ததையோ, ஜெர்மனி படையெடுத்த நாள்வரை தானியமும் எண்ணெயும் அந்த நாட்டுக்கே போய்க்கொண்டிருந்ததையோ அது விளக்காது. போலந்தைத் தாக்கும் திட்டத்துக்கு ஹிட்லர் 1939 ஏப்ரலிலேயே ஆணையிட்டுவிட்டார் என்பதால், இருவரும் சேர்ந்து போரைத் தொடங்கினார்கள் என்பதையும் நான் ஏற்பதில்லை. தொடங்கியவர் ஹிட்லர், கிழக்கே தடையில்லை என்ற உறுதியை அவருக்குக் கொடுத்து, கூலியாகப் பாதி போலந்தைப் பெற்றவர் ஸ்டாலின்.

உடனே என்னை ஏகாதிபத்திய அடிவருடி என்று எழுத வருபவர்களுக்கு: ஏறத்தாழ 2.7 கோடி சோவியத் மக்கள் மாண்டதும், ஸ்டாலின்கிராட்டில் யார் நின்றார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் தியாகம் 1941-க்குப் பிந்தையது; இங்கே கேட்கப்பட்டிருப்பதோ 1939.

1990 ஏப்ரலில், 1940-இல் காத்தின் காடு உள்ளிட்ட இடங்களில், சிறைபிடித்த போலந்து இராணுவ அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றது தாங்களே என்று மாஸ்கோ ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தியை நான் அப்பாவிடம் காட்டவில்லை. அவரே படித்துவிட்டு, "அம்பது வருஷமா நம்மகிட்டயுமா மறைச்சாங்க?" என்று கேட்டார். மியூனிக் பற்றிய கருத்தை மட்டும் அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை, நானும்தான்.