பேனல்களை மூடினால்தான் படம் தெரியும்

போட்டோஷொப், ஜிம்ப் போன்ற படம் வடிவமைக்கும் மென்பொருள்கள் பற்றி இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: கருவிகளும் அமைப்புகளும் இருக்கும் பேனல்கள் என்ற பெட்டிகள் அடைத்துக்கொள்வதால் திரையில் இடம் போதவில்லை.

அண்ணா, என்னுடைய லப்டொப் சின்னது. போட்டோஷொப்பைத் திறந்தால் சுற்றிவரப் பேனல்கள். நான் வடிவமைக்கிற பக்கம் தீப்பெட்டி அளவில் தெரிகிறது. (புதுக்குடியிருப்பு)

1366க்கு 768 பிக்சல் திரையாகத்தான் இருக்கும். நானும் பல வருடம் அதில்தான் உழைத்தேன். வெப் வேலைக்கு லேயர்ஸ் (படத்தின் அடுக்குகள்), ப்ரொப்பர்டீஸ், கரெக்டர் (எழுத்தின் அமைப்பு) என்ற மூன்று பேனல்களும் இருந்தால் போதும், மற்றதை மூடிவிடுங்கள். இந்த மூன்றையும்கூட மேல்மூலையில் உள்ள இரட்டை அம்புக்குறியை அழுத்தி ஐகனாகச் சுருக்கலாம். அப்புறம் விண்டோ மெனுவில் வேர்க்ஸ்பேஸ், நியூ வேர்க்ஸ்பேஸ் என்று போய் ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள்; இப்படிச் சேமித்த பேனல் ஒழுங்குதான் வேர்க்ஸ்பேஸ். அந்தப் பெட்டியில் கீபோர்ட் ஷோர்ட்கட்ஸ், மெனுஸ், டூல்பார் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். அவற்றையும் நீங்கள் மாற்றியிருந்தால் டிக் போடவேண்டும். போடாவிட்டால் பேனல்களின் இடம் மட்டும்தான் சேமிக்கப்படும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இன்னொன்று, கீபோர்டில் உள்ள டாப் (Tab) கீ. இரணைமடுக் குளத்து வான்கதவுப் படமொன்றை 1920 பிக்சல் அகலத்தில் முகப்புப் படமாக வெட்டுகிறீர்கள் என்று வையுங்கள். டாப்பைத் தட்டினால் எல்லாம் மறைந்து படம் மட்டும் நிற்கும். ஷிஃப்டுடன் தட்டினால் டூல்பார் இருக்கும், பேனல்கள் போய்விடும். கன்ட்ரோலும் 1உம் அழுத்தினால் படம் நூறு வீதத்தில் வரும். கூர்மை சரியா என்று அந்த அளவில் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

போட்டோஷொப்பில் ரூலர் (அளவுகோல்) சென்ரிமீற்றரில் காட்டுகிறது. (வவுனியா)

ரூலரின் மேல் ரைட் கிளிக் செய்து பிக்சல்ஸ் என்று மாற்றுங்கள். ப்ரிஃபரன்ஸஸில் எழுத்தின் அளவையும் பிக்சலாக்கிவிட்டால் வெப் பக்கத்தின் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் எழுதும்போது கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

பயிற்சி நிலையத்தில் ஒரு கணினியை நாலு பேர் பாவிக்கிறோம். காலையில் வந்தால் நான் வைத்த எதுவும் வைத்த இடத்தில் இல்லை. (கிளிநொச்சி)

ஆளுக்கொரு வேர்க்ஸ்பேஸ் சேமித்துக்கொள்ளுங்கள். விண்டோ மெனுவின் வேர்க்ஸ்பேஸில் உங்களுடையதைத் தெரிவுசெய்து, அங்கேயே ரீசெட் கொடுத்தால் நீங்கள் சேமித்தபடியே திரும்பிவிடும். நான் வேலை பழகிய இடத்திலும் இதே கதைதான். ஒருநாள் லேயர்ஸ் பேனலைக் காணாமல் அரை மணிநேரம் தேடினேன். எஃப் 7ஐ அழுத்தியிருந்தால் அந்தக் கணமே வந்திருக்கும்!

போட்டோஷொப் வாங்க வசதியில்லை, ஜிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கிறேன். டூல்களும் படமும் தனித்தனி விண்டோவாக மிதக்கின்றன. (மாங்குளம்)

விண்டோஸ் மெனுவில் சிங்கிள் விண்டோ மோடை டிக் செய்யுங்கள். 2012இல் வந்த 2.8 பதிப்பிலிருந்தே இருக்கிறது. புதிய பதிப்புகளில் டூல்கள் குழுக்குழுவாக ஒளிந்திருப்பது பிடிக்காவிட்டால் ப்ரிஃபரன்ஸஸில் டூல்பொக்ஸ் பகுதிக்குப் போய் டூல் குரூப்ஸை நிறுத்திவிடலாம். எனக்கும் அது பிடிக்காது.

கோயில் இணையத்தளம் செய்கிறேன். போட்டோஷொப்பில் தமிழ் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். (ஒட்டுசுட்டான்)

சற்றுப் பழைய பதிப்பாக இருக்கவேண்டும். ப்ரிஃபரன்ஸஸில் டைப் பகுதியில் மிடில் ஈஸ்டர்ன் அன்ட் சவுத் ஏசியன் என்பதைத் தெரிவுசெய்து புதிய கோப்பு திறந்து பாருங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய திருவிழா அறிவித்தல்களை மட்டும் அப்படியே ஒட்டவேண்டாம்; யூனிகோடுக்கு மாற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள். பூசை நேரங்களைப் படத்துக்குள் எழுதாமல் பக்கத்திலேயே எழுத்தாக விடுங்கள். நேரம் மாறும்போதெல்லாம் போட்டோஷொப்பைத் திறக்கவேண்டி வராது.