திங்கட்கிழமைப் பட்டியலும் உங்கள் மகனும்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தையும் அதோடு அனுப்பியிருந்த பட்டியலையும் இரண்டு முறை படித்தேன். பல்கலைக்கழகம் திங்கட்கிழமைதோறும் மாணவர்களுக்கு அனுப்பும் வார நிகழ்ச்சிப் பட்டியல் அது. இந்த வாரம் மட்டும் 14 வரிகள். தம்பி அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, மூன்று வாரமாக எதற்கும் போகவில்லை, வகுப்பு முடிந்தால் நேராக அறைக்குத் திரும்பிவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனோடு படிக்கும் இன்னொரு பையனிடம் 11 சான்றிதழ்கள் சேர்ந்துவிட்டன, அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 11 சான்றிதழ்களைப் பற்றிப் பேசிவிடுவோம். வேலைக்கு ஆள் எடுப்பவர்களோடு நேர்காணல் அறையில் நான் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். ‘கலந்துகொண்டார்’ என்று மட்டும் சொல்லும் சான்றிதழை யாரும் நிறுத்திப் படித்து நான் பார்த்ததில்லை. ரெஸ்யூமேயில் அந்த வரி கண்ணில் பட்டால் ‘அங்கே போய் என்ன செய்தாய்?’ என்று கேட்பார்கள். அதற்கு இரண்டு நிமிடம் தெளிவாகப் பேச முடிந்த பையனிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று யாரும் தேடுவதில்லை. பேச முடியாதவனுக்கு 11 இருந்தும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை, அவனுக்கும் யாராவது இதை எடுத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்கள் மகன் அவனைவிட 11 படி கீழே நிற்பதாக மட்டும் நினைக்காதீர்கள்.

அதற்காக, எதற்குமே போகாமல் இருப்பதும் சரியில்லை. அந்த அளவில் உங்கள் கவலை நியாயமானது.

சரி, பட்டியலுக்கு வருவோம். 14 வரிகளையும் ஒரே மாதிரி படித்தால் யாருக்கும் மலைப்புத்தான் வரும். தம்பி திறந்து பார்க்காததற்குச் சோம்பல் மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். அந்தப் பட்டியலில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது. ஒன்று, இந்த வாரம் தவறினால் அடுத்த மாதம் வேறு உருவில் திரும்பி வரும் சொற்பொழிவு, பயிலரங்கு, மன்றக் கூட்டம் போன்றவை. இன்னொன்று, கடைசித் தேதி தாண்டினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியவை. இந்த வாரப் பட்டியலில் முதல் வகை 13. இரண்டாவது வகை ஒன்றே ஒன்று. கோடை விடுமுறையில் ஆய்வகம் ஒன்றில் பயிற்சி, விண்ணப்பிக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அது 14வது வரியில், படம் எதுவும் இல்லாமல், சிறிய எழுத்தில் இருக்கிறது. இரைச்சலான அறிவிப்புகள் மேலே இருப்பதும், கதவு மூடப்போகிற வாய்ப்பு அடியில் கிடப்பதும் இந்தப் பட்டியல்களில் வழக்கமாக நடப்பதுதான். அதனால் கீழிருந்து மேலாகப் படிக்கச் சொல்லுங்கள்.

பெரிய வாய்ப்புகள் வாரக் கணக்கில் வருவதில்லை, ஆண்டுக் கணக்கில் சுற்றி வருகின்றன. வாரப் பட்டியலில் அவை தலைகாட்டும்போது பெரும்பாலும் தாமதமாகிவிட்டிருக்கும். தம்பி புள்ளியியல் இரண்டாம் ஆண்டு என்பதால் அவனுக்குப் பொருந்துகிற மாதிரி சொல்கிறேன். கூகுள் 2005 முதல் நடத்திவரும் ‘சம்மர் ஆஃப் கோட்’ என்ற திட்டம் இருக்கிறது. திறந்தமூல மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய மென்பொருள்) குழு ஒன்றில் வழிகாட்டியோடு சேர்ந்து, வீட்டிலிருந்தபடியே வேலை செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. புள்ளியியல் மாணவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ‘ஆர்’ என்ற கணினி மொழியின் குழு அதில் பல ஆண்டுகள் பங்கேற்றிருக்கிறது. எந்தெந்தக் குழுக்கள் சேர்ந்திருக்கின்றன என்ற பட்டியல் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும், விண்ணப்பம் மார்ச், ஏப்ரலில். ஆனால் இடம் கிடைத்த மாணவர்களில் பலர் அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே அந்தக் குழுவோடு பேசி, சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்திக் கொடுத்து அறிமுகமாகியிருப்பார்கள். மார்ச்சில் பட்டியலைப் பார்த்து முதல்முறையாகக் கேள்விப்படுகிறவனுக்கு அந்த அவகாசம் இல்லை.

இன்னொன்று, தகுதி வரியை முதலில் படிக்கும் பழக்கம். ஜெனீவாவுக்கு அருகில் உள்ள ‘செர்ன்’ என்ற இயற்பியல் ஆய்வு மையத்தின் கோடைப் பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இயற்பியலோடு கணினி, பொறியியல், கணித மாணவர்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் கோடை வருவதற்குள் மூன்று ஆண்டுப் படிப்பை முடித்திருக்க வேண்டும். தம்பிக்கு இந்த ஆண்டு அது பொருந்தாது, அடுத்த ஆண்டு நாள்காட்டியில் குறித்துக்கொள்ளலாம். ஐக்கிய நாடுகள் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குக் குறைந்தது இளங்கலை இறுதியாண்டில் இருக்க வேண்டும், அங்கே சம்பளம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைத் திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு அக்டோபர் முதல் ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பிரிட்டன் அரசின் ‘செவனிங்’ உதவித்தொகை இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறது. அதை அவர்கள் 2,800 மணி நேரமாகக் கணக்கிடுகிறார்கள், பகுதிநேர வேலையும் தன்னார்வப் பணியும் அதில் சேரும். இவை எதுவும் இந்த வாரத்துக்கானவை இல்லை. ஆனால் ஒரு தாளில் 12 மாதங்களை எழுதி, எந்த மாதத்தில் எது திறக்கிறது, எது மூடுகிறது என்று ஒருமுறை குறித்துவிட்டால், திங்கட்கிழமைப் பட்டியலைக் கண்டு பயப்பட வேண்டியிருக்காது. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் நகரும் என்பதால், குறிப்பதற்கு முன் அந்தந்தத் திட்டத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது என் மனதுக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். நான் சொன்ன கோடைப் பயிற்சிக்குப் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். இதுபோன்ற விண்ணப்பங்கள் பலவற்றுக்கும் இது உண்டு. எந்தப் பேராசிரியர் தம்பிக்கு எழுதிக் கொடுப்பார்? கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்து, நல்ல மதிப்பெண் வாங்கி, ஒருநாளும் வாய் திறக்காத மாணவனைப் பற்றி எவ்வளவு நல்ல மனிதரும் மூன்று வரிக்கு மேல் எழுத முடியாது. ‘ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருபவர்’ என்று எழுதுவார். அந்தக் கடிதத்தால் யாருக்கும் இடம் கிடைப்பதில்லை.

அதனால்தான் பட்டியலின் ஆறாவது வரியைப் பாருங்கள் என்கிறேன். வியாழன் மாலை, புள்ளியியல் துறையின் வாராந்திரக் கருத்தரங்கு. படம் இல்லை, பரிசு இல்லை, சான்றிதழ் இல்லை. வருகிறவர்கள் 20 பேர் இருந்தாலே அதிகம். அதில் பாதிப் பேர் ஆசிரியர்கள். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் அங்கே தொடர்ந்து வந்தால் அது எல்லோர் கண்ணிலும் படும். அவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, வந்து உட்கார்ந்தாலே போதும்.

‘அங்கே பேசுவது ஒன்றும் புரியாதே’ என்பான். உண்மைதான், புரியாது. முதல் பத்து நிமிடம்தான் புரியும். பேச வருபவர்கள் தாங்கள் எந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள் என்பதை அந்தப் பத்து நிமிடத்தில்தான் சொல்வார்கள், அவனுக்கு இப்போதைக்கு அது போதும். முந்தின நாள் உரைச்சுருக்கத்தைப் படித்துவிட்டுப் போகட்டும். கேட்கும்போது தெரியாத சொற்களை எழுதிக்கொள்ளட்டும். முடிந்ததும் எல்லோர் முன்னாலும் கை தூக்க வேண்டாம். வெளியே வரும்போது தன் ஆசிரியர் ஒருவரிடம், ‘சார், அவர் இந்தத் தரவை ஏன் பாதியாகப் பிரித்தார்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். நான்கு வியாழக்கிழமைகள் இப்படிப் போனால் ஐந்தாவது வாரம் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது அவர் மனதில் ஒரு முகம் இருக்கும். ஆனால் இந்த முறை விண்ணப்பத்துக்கே ஐந்து வாரம்தான் இருக்கிறது. கடிதம் எழுதுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மூன்று வாரமாவது கொடுப்பதுதான் மரியாதை. அதனால் இரண்டாவது வியாழக்கிழமையே கேட்டுவிட வேண்டும். தன் மதிப்பெண் பட்டியலையும், இந்தப் பயிற்சி தனக்கு ஏன் வேண்டும் என்ற அரைப்பக்கத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போனால் அவருக்கும் எழுத எளிதாக இருக்கும்.

‘அவன் யாரிடமும் பேசவே மாட்டான்’ என்று எழுதியிருந்தீர்கள். நெருங்கிய நண்பன் ஒருவன் இருக்கிறான், அவனோடு மட்டும்தான் பேச்சு என்றும். அந்த நட்பு நல்லதுதான், கெடுக்க வேண்டாம். ஆனால் வேலை விஷயத்தில் வேறொன்றும் தேவைப்படுகிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், ‘அந்த நபரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள்?’ என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நம்மோடு எப்போதும் இருப்பவருக்கு நமக்குத் தெரிந்ததே தெரிந்திருக்கும், சற்றுத் தள்ளி இருப்பவருக்குத்தான் புதிய செய்தி தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். 2022ல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் அதிகமானோரை வைத்து நடந்த ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. அதில் ஒரு திருத்தமும் இருந்தது: சுத்தமாகப் பழக்கமில்லாதவர்களைவிட, ஓரளவு அறிமுகமானவர்களே அதிகம் உதவினார்கள். வாராவாரம் ஒரே அறையில் 20 பேரைப் பார்ப்பதில் அப்படிப்பட்ட ஓரளவு அறிமுகம்தான் உருவாகிறது. ஆயிரம் பேர் கூடும் விழாவில் அது உருவாவது கடினம்.

கூச்சத்துக்கு ஒரு சின்ன உத்தி இருக்கிறது. ‘இந்த வாரம் எப்படியாவது போகணும்’ என்று தீர்மானிப்பதைவிட, ‘நான்கு மணி வகுப்பு முடிந்ததும், பையை அறையில் வைக்கப் போகாமல், அப்படியே கருத்தரங்க அறைக்குப் போவேன்’ என்று நேரமும் இடமும் சேர்த்து முடிவு செய்வது நன்றாக வேலை செய்யும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999ல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அறைக்குப் போய்விட்டால் திரும்பக் கிளம்புவது எவ்வளவு கடினம் என்று நமக்கே தெரியும்!

பட்டியலில் இருக்கும் வேலைவாய்ப்பு முகாமுக்கும் போகச் சொல்லலாம். ரெஸ்யூமே கொடுக்க அல்ல, இரண்டாம் ஆண்டில் அதற்கு அவசரமில்லை. மூன்றே மூன்று ஸ்டால்களில் நின்று, ‘புள்ளியியல் படித்தவர்கள் உங்களிடம் என்ன வேலை செய்கிறார்கள்? வேலைக்கு வருபவர்களிடம் என்ன குறைகிறது?’ என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். ஹேக்கத்தான் என்ற மென்பொருள் உருவாக்கும் போட்டி அவனுக்குப் பிடித்தால் போகட்டும், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கையும். இன்டர்ன்ஷிப் என்று சொல்லிப் ‘பதிவுக் கட்டணம்’, ‘பயிற்சிக் கட்டணம்’ கேட்டால் பணம் கட்டாதீர்கள். உண்மையாக ஆள் எடுக்கும் நிறுவனம் ஆளிடம் காசு வாங்காது. ஐ.நா. தன் ஆள்தேர்வில் எந்தக் கட்டத்திலும் கட்டணம் இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது, ஏனென்றால் அதன் பெயரைச் சொல்லியே ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு எப்படியாவது ஒன்று அமைய வேண்டும் என்ற உங்கள் பதற்றத்தைத்தான் அவர்கள் குறிவைப்பார்கள்.

எத்தனை நிகழ்ச்சி போதும் என்று கேட்டிருந்தீர்கள். வாரத்துக்கு ஒன்று. தேர்வு வாரத்தில் ஒன்றுமே வேண்டாம். போய்வந்த அன்று இரவே பத்து நிமிடம் உட்கார்ந்து, யாரைப் பார்த்தேன், எது புரிந்தது, எது புரியவில்லை, அடுத்து யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்தால், ஒரு பருவத்தில் அவனிடம் சேரும் குறிப்பேடு எந்தச் சான்றிதழ்க் கோப்பையும்விட நேர்காணலில் உதவும். அந்தப் பத்து நிமிடத்தைத் தவற விடுவதாக இருந்தால், நிகழ்ச்சிக்குப் போனதே பாதி வீண்.

உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அம்மா. பட்டியலை அவனுக்கு மறுபடி அனுப்புவதை நிறுத்திவிடுங்கள். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு முறையும், அவன் போகாத 14 இடங்களைச் சுட்டிக்காட்டுவதாகத்தான் அவனுக்குப் படும். வியாழன் இரவு போனில் பேசும்போது, ‘போனாயா?’ என்று தொடங்காமல், ‘இன்று கேட்டதில் எது புரியவே இல்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். அவன் விளக்கத் தொடங்கினால் உங்களுக்குப் புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருங்கள். நேர்காணலில் அவன் பேசவேண்டிய இரண்டு நிமிடத்துக்கு அதுதான் முதல் ஒத்திகை.

கோடைப் பயிற்சி விண்ணப்பத்தின் அரைப்பக்கத்தை அவனே எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் திருத்த வேண்டாம். இரண்டாவது வியாழக்கிழமைக்கு முன் வந்தால், அவன் ஆசிரியரைப் பார்க்கப் போவதற்குள் படித்து என் கருத்தை எழுதிவிடுகிறேன்.